களைக்கு மருந்து கேட்கவில்லையா? அறிகுறியை வைத்துக் காரணம் கண்டுபிடிப்பது

ஆடியில் அடித்தபோது ஒரே வாரத்தில் வரப்பு மொத்தத்தையும் காயவைத்த மருந்து, சித்திரையில் அடித்தால் புல்லின் நுனியை மட்டும் கருக்கிவிட்டு நின்றுவிடும். உடனே "கடைக்காரன் டூப்ளிகேட் கொடுத்துட்டான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். டூப்ளிகேட் ஊரில் இல்லை என்று சொல்லவில்லை, அதற்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி, போளூர் என்று பழைய வட ஆற்காடு முழுக்க, மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும், மார்கழி விடியற்காலையில் 18க்கும் கீழே இறங்கும். இப்படிப்பட்ட ஊரில் வருடம் முழுக்க ஒரே அளவு, ஒரே நேரம், ஒரே நாசில் (ஸ்பிரேயர் முனை) என்று அடித்தால் மருந்து எப்படி ஒத்துவரும்? மருந்தைச் சந்தேகிப்பதற்கு முன் அடித்த நாளைச் சந்தேகியுங்கள் என்பதுதான் என் கட்சி.

கழனியில் இறங்கும் முன் ஒன்றை மட்டும் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். நீங்கள் அடித்தது எந்த வகை? பாராகுவாட், குளுஃபோசினேட் போன்றவை பட்ட இடத்தைக் கருக்குபவை. கிளைபோசேட், 2,4-டி, பிஸ்பைரிபேக், குயிசலோஃபாப், இமாசெதாபைர் எல்லாம் இலை வழியாக உள்ளே போய் செடி முழுக்கப் பரவுபவை. பென்டிமெத்தலின், பிரெட்டிலாகுளோர், பியூட்டாகுளோர் எல்லாம் களை முளைப்பதற்கு முன்பே மண்ணில் போடுபவை. வெயில் இந்த மூன்றையும் மூன்று விதமாகப் பாதிக்கும். எந்த வகை என்று தெரியாமல், நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில்தான் வரும்.

"நுனி கருகுச்சு, கொஞ்ச நாள்ல மறுபடி துளிர்த்துடுச்சு"

கோடையில் அருகம்புல்லுக்கும் கோரைக்கும் கிளைபோசேட் அடித்தவர்கள் சொல்வது இது. முதலில் ஒரு கோரையைப் பிடுங்காமல் மண்வெட்டியால் ஆழமாகத் தோண்டி எடுங்கள். அடியில் நூல் மாதிரி ஓடும் வேரைப் பிடித்துக்கொண்டே போனால் கறுப்பாக ஒரு கிழங்கு வரும். அதை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, மருந்து கிழங்குக்கு இறங்கவே இல்லை. பழுப்பாகி நசுங்கினால் அந்தக் கிழங்கு செத்துவிட்டது, மேலே துளிர்ப்பது பக்கத்துக் கிழங்கிலிருந்து வருகிறது, அதற்கு இன்னொரு முறை அடித்தாக வேண்டும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால் இந்தச் சோதனையைத் தாண்டிப் போகாதீர்கள்.

மருந்து ஏன் இறங்கவில்லை? ஊடுருவும் மருந்து, செடி தானே தயாரித்துக் கீழே அனுப்புகிற உணவோடு சேர்ந்துதான் வேருக்குப் போகிறது. செடி வேலை செய்தால்தான் மருந்தும் வேலை செய்யும். மானாவாரிக் கொல்லையில், 39, 40 டிகிரி வெயிலில், மதியம் செடி இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இலையைச் சுருட்டிக்கொண்டு சும்மா கிடக்கும். தண்ணீர் காணாமல் வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சும் தடிப்பு. அதோடு, துளியில் இருக்கும் தண்ணீர் சில நிமிடத்தில் ஆவியாகிவிட்டால் மருந்து வெறும் உப்பாக இலை மேலேயே காய்ந்துபோகும். காய்ந்த மருந்து உள்ளே போகாது.

இந்த ஆவியாதலை வீட்டிலேயே அளக்கலாம். இரண்டு சாதாரண வெப்பமானி வாங்கி, ஒன்றின் முனையில் ஈரத்துணி சுற்றி, நிழலில் கொஞ்ச நேரம் விசிறுங்கள். ஈரத்துணி சுற்றியது குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால் அடிக்கலாம், 10 தாண்டினால் டேங்கைக் கீழே இறக்கி வைத்துவிடலாம். காலையில் 28 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் இருந்தால் வித்தியாசம் மூன்றரை அளவில் வரும். அதே நாள் மதியம் 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று ஆனால் 13க்கு மேலே போய்விடும். ஒரே கொல்லை, ஒரே மருந்து, ஆறு மணி நேரத்தில் நிலைமை தலைகீழ்.

சரி, என்ன செய்வது? தண்ணீர் வசதி இருந்தால் ஒரு தண்ணீர் கட்டிவிட்டு, மூன்று நான்கு நாள் கழித்து புல் பச்சை பிடித்ததும் அடியுங்கள். பனி காய்ந்த பிறகு, 9 மணிக்குள் முடித்துவிடுங்கள். சாயங்காலமும் நல்ல நேரம்தான், ஆனால் நம் பக்கம் வெயில் கொளுத்திய நாளில்தான் ஆறு மணிக்கு மேல் இடி மழை வந்து நிற்கும். கிளைபோசேட் அடித்து ஆறு மணி நேரமாவது மழை படாமல் இருக்க வேண்டும். பாலாற்றுப் படுகையில் நிறைய போர் தண்ணீர் உப்பும் கடினமும் உள்ளது. அதில் உள்ள சுண்ணாம்பு கிளைபோசேட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் முதலில் லிட்டருக்கு 20 கிராம் அம்மோனியம் சல்பேட் கரைத்துவிட்டு, அப்புறம் மருந்து ஊற்றுங்கள். கல் குவாரி பக்கம், ஹைவே ஓரம் என்றால் இலை மேல் இருக்கும் புழுதியே மருந்தைக் குடித்துவிடும், ஒரு மழைக்குப் பிறகு அடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அளவைக் கூட்டாதீர்கள். லிட்டருக்கு 10 மில்லி என்பதை 20 ஆக்கினால் மேல் இலை சீக்கிரம் கருகும், பார்க்க திருப்தியாக இருக்கும், ஆனால் இலை செத்துவிட்டால் கிழங்குக்கு மருந்தைக் கொண்டுபோக ஆள் ஏது? இன்னொன்று, கிளைபோசேட்டை உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணை போட்டது. கரும்பில் கோரைக்கு ஹாலோசல்ஃபியூரான் இருக்கிறது, ஏக்கருக்கு 36 கிராம், கோரை மூன்று நான்கு இலை விட்டு பச்சையாக இருக்கும்போது.

தண்ணீரே இல்லாத கொல்லை என்றால் மே மாதத்தில் மருந்தை மறந்துவிடுங்கள். கோடை உழவு ஓட்டி கோரைக் கிழங்கையும் அருகம்புல் தண்டையும் மேலே புரட்டிப் போட்டால், எந்த வெயில் மருந்தைக் கெடுத்ததோ அதே வெயில் கிழங்கை உலர்த்திக் கொன்றுவிடும். காசும் மிச்சம்.

"பத்து நாள் ஆச்சு, ஒண்ணுமே ஆகல" (மார்கழி, தை)

பொறுங்கள். இரண்டாவது தடவை அடிக்காதீர்கள். குளிரில் செடியின் உள்ளே எல்லாமே மெதுவாக நடக்கிறது; ஆவணியில் ஒரு வாரத்தில் தெரியும் கிளைபோசேட் வேலை, பனிக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு மேலும் இழுக்கும். மருந்து கேட்டதா இல்லையா என்று சீக்கிரம் தெரிய ஒரு வழி உண்டு. கிளைபோசேட் என்றால் வயசான இலையைப் பார்க்காதீர்கள், நடுக்குருத்தைப் பாருங்கள், மஞ்சள் அங்கேதான் முதலில் வரும். மல்லாட்டையில் (நிலக்கடலையில்) புல்லுக்கு குயிசலோஃபாப் அடித்திருந்தால், புல்லின் நடு இலையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். இலை எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்து, அதன் அடி பழுப்பாக அழுகியிருந்தால் வேலை முடிந்தது, வெளி இலை பச்சையாக இருப்பது வெறும் வேஷம். இழுத்தால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, அடி வெள்ளையாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பனிக்காலத்தில் இன்னொரு கோளாறு, ஆறு மணிக்கே போய் அடிப்பது. இலை முழுக்கப் பனி சொட்டும்போது அடித்தால் மருந்து பனியோடு சேர்ந்து வழிந்து மண்ணுக்குப் போகும். கோடையில் சீக்கிரம் போ என்று சொன்ன நானே இதற்கு எட்டரை, ஒன்பது வரை காத்திருக்கச் சொல்வேன். ஏலகிரியிலும் ஜவ்வாது மலையிலும் இன்னும் தாமதமாகப் போகலாம், அங்கே பத்து மணிக்குத்தான் செடிக்கு விடியும்.

"களை சாகல, நாத்து மஞ்சளாயிடுச்சு"

நவரைப் பட்டத்தில், அதாவது பனிக்காலத்தில் நடும் நெல்லில், வரும் புகார். நடவு முடிந்து 15, 20 நாளில் பிஸ்பைரிபேக் ஏக்கருக்கு 100 மில்லி அடிக்கிறோம். நெல் இந்த மருந்தைத் தனக்குள்ளே உடைத்துச் செரித்துவிடும், குதிரைவாலிப் புல்லால் முடியாது, அதனால்தான் ஒன்று பிழைக்கிறது, இன்னொன்று சாகிறது. இரவு குளிர்ந்தால் நெல்லுக்கும் இந்தச் செரிமானம் மந்தமாகிவிடும், பயிர் வெளுத்துப்போகும். அடுத்த வாரம் பத்து நாளில் வெயில் ஏறி, புது இலை பச்சையாக வந்தால் விட்டுவிடுங்கள், பதறிப்போய் மூட்டை மூட்டையாக யூரியா வீச வேண்டாம்.

ஆனால் மருந்தால்தான் மஞ்சளா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். குளிரில், தண்ணீர் தேங்கிய கழனியில் துத்தநாகப் பற்றாக்குறையும் இதே சமயத்தில்தான் தலைகாட்டும். அதில் இலையில் துருப்பிடித்த மாதிரி பழுப்புப் புள்ளிகள் வரும். மருந்து மஞ்சள் ஒரே சீராக இருக்கும். இன்னும் நல்ல சாட்சி ஒன்று உண்டு: ஸ்பிரேயர் ஓட்டியவர் கட்டாயம் எங்காவது ஒரு பட்டை விட்டிருப்பார், பெரும்பாலும் வரப்பு ஓரத்தில். அங்கே பயிர் பச்சையாகவும் மற்ற இடம் மஞ்சளாகவும் இருந்தால் மருந்து. அங்கேயும் மஞ்சள் என்றால் மருந்தைத் திட்டாதீர்கள், மண்ணைப் பாருங்கள்.

"மல்லாட்டை இலை புள்ளி புள்ளியா கருகிடுச்சு"

இது வெயில் விவகாரம். 32, 33 டிகிரிக்கு மேல், காற்றில் ஈரமும் இருக்கும் நாளில், களைக்கு உள்ளே போகும் மருந்து பயிருக்கும் வேகமாகப் போகிறது. அதில் ஒட்டும் எண்ணெயையும் சேர்த்து, பூச்சி மருந்தையும் கலந்து "ஒரே செலவா போயிடட்டும்" என்று அடித்தால் இலை கருகாமல் என்ன செய்யும்? புதுக்குருத்து நன்றாக வந்தால் பயிர் தேறிவிடும். இமாசெதாபைர் அடித்ததில் குருத்தே லேசாக மஞ்சளாகி செடி கொஞ்ச நாள் குட்டையாக நிற்பது உண்டு, அதுவும் தேறும். ஒரு தண்ணீர் விடுங்கள், அடுத்த முறை கலவையைத் தவிருங்கள்.

"நான் அடிச்சது கரும்புக்கு, சுருண்டது பக்கத்துக் கொல்லை கத்திரி"

சண்டை வரை போகும் கேஸ் இது. அணைக்கட்டு பக்கம் இலவம்பாடி முள்ளுக்கத்திரி போட்டிருப்பவரிடம் போய் "நான் காத்து இல்லாதப்போதான் அடிச்சேன்" என்று சொன்னால் அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். ஒப்புக்கொள்ளவும் கூடாது. இலை குறுகி விரல் மாதிரி நீண்டு, காம்பு முறுக்கிக்கொண்டு, தண்டு வளைந்தால் அது 2,4-டி. வைரஸ் நோய் கொல்லையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். மருந்து வந்த பக்கத்து வரப்பில் அதிகமாகவும் உள்ளே போகப்போகக் குறைவாகவும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

2,4-டியில் எஸ்டர் வகை, சோடியம் உப்பு, அமைன் உப்பு என்று வருகிறது. எஸ்டர் வெயில் ஏறினால் இலை மேலிருந்தும் மண்ணிலிருந்தும் ஆவியாக எழும், அதுவும் அடித்து முடித்து நீங்கள் வீட்டுக்குப் போன பிறகு. அடிக்கும்போது காற்று இல்லை என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கத்திரி, தக்காளி, பருத்தி பக்கத்தில் இருந்தால் எஸ்டரை வாங்கவே வாங்காதீர்கள், உப்பு வகை வாங்குங்கள். பில்லில் மருந்தின் பெயர் மட்டும் இருக்கும், டப்பாவின் லேபிளைப் படித்தால்தான் எந்த வகை என்று தெரியும்.

இரண்டாவது காரணத்தை யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். காற்றே இல்லாத விடியற்காலை பாதுகாப்பானது இல்லை. மார்கழி, தை மாதம் பாலாற்றுப் பள்ளத்தில் இரவெல்லாம் தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் மூடி போட்ட மாதிரி நின்றுவிடும். அப்போது அடித்தால் நுண்துளிகள் கீழே விழாமல், மேலேயும் போகாமல், பனிமூட்டத்தோடு சேர்ந்து பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே நகரும். கண்டுபிடிக்க வழி சுலபம்: குப்பை எரியும் புகையையோ அடுப்புப் புகையையோ பாருங்கள். நேராக ஏறிக் கலைந்தால் அடிக்கலாம். கொஞ்சம் ஏறி, தென்னை உயரத்தில் தட்டையாகப் படுத்து நகர்ந்தால் வெயில் வரட்டும் என்று உட்காருங்கள். நுண்துளியைக் குறைக்க அழுத்தத்தைக் குறையுங்கள், களைக்கென்று வரும் தட்டை விசிறி நாசில் போடுங்கள். பூச்சி மருந்துக்கு வைத்திருக்கும் பனித்தூறல் நாசிலைக் களைக்கு மாட்டுவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம்.

"விதைச்சவுடனே அடிச்சேன், பதினைஞ்சாம் நாள் சாரணை கம்பளி விரிச்சிடுச்சு"

மல்லாட்டையில் பென்டிமெத்தலின். விதைத்த மூன்று நாளுக்குள், எக்டேருக்கு 3.3 லிட்டரை 500 லிட்டர் தண்ணீரில் கலந்து அடிக்க வேண்டிய மருந்து. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 200 லிட்டர் தண்ணீர், அதாவது 16 லிட்டர் டேங்கில் பன்னிரண்டு, பதிமூன்று டேங்க். பாதியில் முடித்தால் பாதி இடத்தில் மண் மேல் மருந்துப் படலம் இருக்காது. அந்த மஞ்சள் மருந்து காய்ந்த சுடுமண்ணின் மேல் கிடந்தால் கொஞ்சம் ஆவியாகும், கொஞ்சம் சூரிய ஒளியில் சிதையும். கோடையில் வெறும் மண்ணின் மேல்தளம் காற்றை விட நிறைய சுடும் என்பது வெறுங்காலில் நடந்தவருக்குத் தெரியும். மண் ஈரமாக இருக்கும்போது சாயங்காலம் அடித்து, லேசாக ஒரு தண்ணீர் விட்டால் மருந்து மேல் மண்ணுக்குள் போய்விடும். கட்டி கட்டியாக இருக்கும் நிலத்தில் எந்த மருந்தும் நிற்காது, கட்டியின் அடியில் இருக்கும் விதைக்கு வெயிலும் தெரியாது, மருந்தும் தெரியாது.

மண்சூடு கூடக்கூட நுண்ணுயிர்கள் மருந்தைத் தின்னும் வேகமும் கூடும். 10 டிகிரி ஏறினால் சிதைவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நவரையில் ஒரு மாதம் காவல் நிற்கும் மருந்து, கோடை நெல்லான சொர்ணவாரியில் அதற்கு முன்பே ஓய்ந்துவிடும். அதனால் கோடைப் பயிரில் ஒரு கைக்களையை முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

நெல்லுக்கு நட்ட மூன்றாம் நாள் பியூட்டாகுளோரை மணலில் கலந்து வீசினீர்கள் என்றால் முதல் கேள்வி: தண்ணீர் நின்றதா? இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீர் இருந்தால்தான் மருந்து விரிந்து படலமாக நிற்கும். சொர்ணவாரியில், கரண்ட் வரும் நேரத்துக்கு மோட்டார் போடும் ஊரில், அந்தத் தண்ணீர் இரண்டே நாளில் வற்றி மண் வெடிக்கும். வெடித்த இடுக்கில்தான் ஊசிக்கோரை வரிசை கட்டி நிற்கும். களை வெடிப்பை ஒட்டியே கோடு கோடாக முளைத்திருந்தால் பதில் அங்கேயே இருக்கிறது.

"பாராகுவாட் அடிச்சும் மெதுவாத்தான் காயுது"

மேகமூட்டம். இந்த மருந்துக்கு வெளிச்சம்தான் துப்பாக்கி மருந்து; ஐப்பசி மூட்டத்தில் சோம்பும், மறுநாள் வெயில் அடித்தால் சுருட்டிவிடும். பட்ட இலையைத்தான் கருக்கும், வேரைத் தொடாது, அதனால் அருகு மறுபடி வருவது மருந்தின் தப்பு இல்லை. சேற்றுத் தண்ணீரில் கலக்காதீர்கள், களிமண் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். இதற்கு மாற்று மருந்து கிடையாது, வாய்க்குள் போனால் பிழைப்பது அபூர்வம். வேர்க்கிறது என்று கையுறையையும் முகமூடியையும் கழற்றிவிட்டு, அடைத்த நாசிலை வாயால் ஊதும் பழக்கம் கோடையில்தான் அதிகம் பார்க்கிறேன். அந்த வெயிலில் இதை அடிக்கவே வேண்டாம்.

"எல்லாம் சரியாத்தான் செஞ்சேன்"

பட்டை பட்டையாகச் செத்து, நடுவே பச்சைக் கோடு நின்றால் வெப்பம் காரணம் இல்லை. நாசில் அடைப்பு, அல்லது நடையின் வேகம். ஒரே ஒரு ரகக் களை மட்டும், செத்த மற்ற களைகளுக்கு நடுவே தெம்பாக நின்றால், அந்த மருந்துக்கு அது அடங்காத ரகமாக இருக்கலாம், இல்லை அதே மருந்தை வருடக்கணக்கில் அடித்ததில் பழகிப்போயிருக்கலாம். வேரோடு ஒரு செடியை எடுத்துக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.

மிதமான வெயில், ஈர மண், இளங்களை, நல்ல தண்ணீர், சரியான அளவு, எல்லாம் இருந்தும் எந்த ரகக் களையிலும், எந்த மூலையிலும், இரண்டு வாரம் கழித்தும் ஒரு மஞ்சள்கூட இல்லை என்றால், இப்போது டூப்ளிகேட் என்று சொல்லலாம். தகரக் கூரைக்கு அடியில் இரண்டு கோடை கண்ட பழைய சரக்காகவும் இருக்கும், காலாவதி தேதியைப் பாருங்கள். மீதி மருந்தைக் கொட்டாமல், லேபிளைக் கிழிக்காமல், பில்லோடு வட்டார வேளாண்மை அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுங்கள். பேட்ச் எண் இருந்தால் அதே பேட்சில் கடையில் இருக்கும் சரக்கிலிருந்து அவர்கள் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்ப முடியும்; பில் வாங்காமல் வந்திருந்தால், கடைக்காரர் உங்களைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிடுவார்.